ஹாப் தோட்டத்தில் விழுந்தவன்

நோயல் கிராப்ட்ரீ, இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி துறைமுக மீன் சந்தையில் பெட்டி தூக்குகிறவரின் மகன். அதிகாரிப் பதவி இல்லாமல், வெறும் சார்ஜென்டாகத்தான் போர் விமானம் ஓட்டினான். ஒரே வானத்தில் கூடப் பறந்த அதிகாரிகள், தரையிறங்கியதும் அவனோடு ஒரு மேஜையில் உட்கார மாட்டார்கள்.

"மேகத்துக்கு மேலயும் மீன் நாத்தம் வருதுப்பா" என்று ஒருவன் அவன் காதுபடவே சொன்னான். நோயல் தன் விமானத்தைப் பார்த்து நடந்தான். பறக்க விட்டால் போதும் அவனுக்கு.

1940 ஆகஸ்டில், கென்ட் வட்டாரத்துக்கு மேலே, அவன் விமானத்தின் பெட்ரோல் தொட்டியில் ஜெர்மன் குண்டு பாய்ந்து தீப்பிடித்தது. விமானி அறையின் மூடியைத் தள்ளிக் குதிப்பதற்குள் முகம் வெந்துவிட்டது. பீருக்குப் போடும் ஹாப் பூக்கொடிகள் வளர்ந்த தோட்டம் ஒன்றில் பாராசூட் அவனை இறக்கியது.

பூ பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் தோட்டக்காரர் பெர்ட் ஹாக்பென். கையில் கழி. போன வாரம்தான் அவர் தங்கை ஜெர்மன் குண்டுவீச்சில் செத்திருந்தாள்.

"யாருடா நீ? சொல்லுடா!"

நோயல் சொல்லத்தான் பார்த்தான். வெந்த உதடுகள் பிரியவில்லை. ஏதோ உளறலாக வந்தது.

"கேட்டீங்களா? ஜெர்மன் பேசறான்!"

தடுக்கத் தூக்கிய வலக்கையில் விழுந்தது முதல் அடி. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. பெண்களும் சேர்ந்து மிதித்தார்கள். ராணுவ லாரி வந்து அள்ளிக்கொண்டு போன பிறகுதான் கூட்டம் கலைந்தது.

"முகத்துக்குத் தோல் ஒட்டிடலாம் தம்பி. முழங்கை இனி மடங்காது. பறக்கறத மறந்துடு" என்றார் மருத்துவர். தரையிறங்கும்போது பட்ட காயம் என்று விமானப்படை அறிக்கையில் எழுதிக்கொண்டார்கள்.

போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, அந்த ஹாப் தோட்டத்து ஊர் மதுக்கடைக்குள் நோயல் நுழைந்தான். முகத்தைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. ஹாக்பென் மட்டும் எழுந்து வந்து ஒரு கோப்பை பீர் வாங்கிக் கொடுத்தார்.

"முகத்துல தீக்காயம்... விமானப்படையா தம்பி? குடிங்க. நாங்களும் சும்மா இல்ல. ஒரு ஜெர்மன்காரன எங்க தோட்டத்துலயே பொளந்து கட்டினோம்."

"அது நான்தாங்க."

ஹாக்பென்னின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"இங்கிலீஷ்காரன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? இத்தனை வருஷம் கழிச்சு வந்து எங்க மேல பழி போடறியா?"

யாரோ ஆமாம் என்றார்கள். நோயல் இடக்கையால் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தான். பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மழையில் நின்றான்.