அப்பல்லோ என்று பெயர் வைத்தவள்

கூக்குவாவைப் போல வஞ்சம் வைத்திருக்கத் தெரிந்த பெண்ணை எங்கள் கடலோர ஊரான செகோண்டியிலேயே நான் வேறு பார்த்ததில்லை. ஆறு வருடம் அதை ஒரு நாள்கூடக் கீழே வைக்காமல் சுமந்தாள். பொறுமைசாலி, தங்கமான மனசு, குழந்தைகளுக்காகவே பிறந்தவள் என்றெல்லாம் இப்போது புகழ்கிற தாய்மார்கள் ஒரு காலத்தில் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனவர்கள்தான். தங்கமாம். நான் அவளிடம் நாலு வருடம் சமையல் செய்தேன். அதற்கு முன்பு மேடம் அஃபுலின் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் அவளோடு ஒன்றாக வேலை பார்த்தேன். எனக்குத் தெரியாதா?

அவள் பிறந்தது மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால், மீனைப் புகை போடுகிற அடுப்புகளுக்கு நடுவில். அம்மாவின் முதுகில் கட்டுண்டு கிடந்த வயதிலிருந்தே புகை தின்று வளர்ந்த கண்கள். எந்நேரமும் சிவந்திருக்கும். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஆனால் அப்பல்லோ வந்த கண்ணும் சிவப்புதான். மனிதன் நிலாவுக்குப் போன வருடம் ஊருக்குள் வந்த கண்வலி என்பதால் அதற்கு அப்படிப் பெயர். ஒரு பிள்ளைக்கு வந்தால் தெருவுக்கே வரும். புகைச் சிவப்பையும் நோய்ச் சிவப்பையும் பிரித்துச் சொல்ல எங்களில் யாருக்கும் வராது. கூக்குவாவுக்கு மட்டும் வந்தது.

தினமும் காலையில் காப்பக வாசலில் நிற்பாள். ஒவ்வொரு பிள்ளையின் கீழ் இமையையும் கட்டை விரலால் இழுத்துப் பார்ப்பாள். "காலையில கண்ணு ஒட்டிக்கிட்டிருந்துச்சா?" என்று தாயைக் கேட்பாள். பீளை கட்டியிருந்தால் அது அப்பல்லோ. வெறும் தண்ணீர் வடிந்தால் புகை. பிறகு உள்ளங்கை, வாய், நெற்றி. ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவித்தான் அடுத்த பிள்ளையைத் தொடுவாள். சீக்குப் பிள்ளை என்றால் கடல் பொங்கினாலும் உள்ளே விடமாட்டாள். மேடத்துக்கு இது வயிற்றெரிச்சல். திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாய் மேடத்திடம் வந்து மூக்கைச் சிந்துவாளே.

ஒரு வருடம், காப்பகத்தில் பாடப் பருவம் முடிகிற நாள். பிள்ளைகள் பிஸ்கட்டும் சோறும் கொண்டு வந்து ஆடிப் பாடுகிற 'எங்கள் நாள்'. படம் எடுக்க வந்த ஆள் வெளியே முற்றத்தில் காத்திருந்தான். மேடம் ஒரு மைச்சிமிழையும் ஒரே ஒரு மைக்குச்சியையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொரு கண்ணாக மை எழுத ஆரம்பித்தாள்.

"மேடம், முதல் பிள்ளைக்குக் கண் ஓரத்துல பீளை இருக்கு. காலையிலேயே அனுப்பிடலாம்னு சொன்னேன், நீங்க விடல. அந்தக் குச்சியை மத்த பிள்ளைக்கு வைக்காதீங்க," என்றாள் கூக்குவா.

"படத்துல கண்ணு தெரிய வேணாமா? எல்லாம் நொள்ளை மாதிரி இருக்கட்டுமா? உன் வேலையைப் பாருடீ."

இருபத்தாறு பிள்ளைகள். ஒரே குச்சி. அந்த அறையில் பெரியவர்கள் மூன்றே பேர். மேடம், கூக்குவா, அப்புறம் ஜொலோஃப் என்கிற தக்காளிச் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்ற நான்.

மூன்றாம் நாள் இருபத்திரண்டு பிள்ளைகளுக்குக் கண் திறக்கவில்லை. மத்தி மீன் கொட்டுகிற மாதம் அது. வருடத்துக்கே சம்பாதிக்கிற அந்த வாரங்களில் தாய்மார்கள் அடுப்பை விட்டுவிட்டு, அழுகிற பிள்ளையைக் கட்டிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதாகிவிட்டது. கூட்டமாக வந்து முற்றத்தில் நின்று கத்தினார்கள்.

மேடம் அஃபுல் அலட்டிக்கொள்ளவே இல்லை. கூக்குவாவின் தாடையைப் பிடித்து முகத்தை அவர்கள் பக்கம் திருப்பினாள். "இவ கண்ணைப் பாருங்க. தினம் உங்க பிள்ளைங்க இமையை இழுத்து இழுத்துப் பார்த்தது இந்தக் கையிதான். நோயை வாசல்லயே நின்னு பரிமாறியிருக்கா."

"இது புகைக் கண்ணு. ஊருக்கே தெரியும். மேடம்தான் ஒரே குச்சியால எல்லாருக்கும் மை வச்சாங்க." கூக்குவா என் பக்கம் திரும்பினாள். "அபாக்கா, நீங்க இருந்தீங்கல்ல. சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேடமும் பார்த்தாள். எனக்கு வேலை வேண்டும், வேறு போக்கிடம் இல்லை.

"நான் அடுப்படியில இருந்தேன்," என்றேன்.

அவ்வளவுதான். கூக்குவா உடுப்புக்கு மேல் போட்டிருந்த காப்பகத்து வேலை மேலாடையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டு துரத்தினார்கள். மறுநாளிலிருந்து அவளுக்கு அப்பல்லோ என்று பெயர். சந்தையில் அவள் கை பட்ட தக்காளியை யாரும் வாங்கவில்லை. "அப்பல்லோ வருது, கண்ணை மூடுங்கடீ," என்று சின்னப் பெண்கள் பாட்டே கட்டினார்கள். அவளைப் பெண் பார்த்துப் பேசி முடித்திருந்த வீட்டில் இருந்து யாரும் மறுபடி வரவில்லை. அதற்குப் பிறகும் யாரும் வரவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் ஊரை விட்டுப் போயிருப்பாள். இவள் மேட்டுத் தெருவில் தேவாலயத்துக்குச் சொந்தமான பழைய கொட்டகையைக் கேட்டு வாங்கி, வாசலில் ஒரு பலகை மாட்டினாள். சிவப்பு எழுத்தில், தெருவே படிக்கிற மாதிரி: 'அப்பல்லோ குழந்தைகள் காப்பகம்'. கொழுப்பைப் பார்த்தீர்களா?

முதலில் வந்தது மூன்று பிள்ளைகள், ஊருக்குப் புதிதாக வந்தவர்களுடையது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் துவாலை, பெயர் தைத்தது. தனிக் குவளை. பொம்மைகளைத் தினமும் மருந்துத் தண்ணீரில் முக்கி வெயிலில் காய வைத்தாள். மலம் துடைத்த கை சோற்றுப் பக்கம் வரக்கூடாது என்று அதற்கென்றே ஓர் ஆளை வைத்தாள். அடுத்த மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தபோது மேடத்தின் காப்பகத்தில் பாதிப் பிள்ளைகள் சுருண்டு விழுந்தார்கள். அப்பல்லோவில் ஒன்றுக்குக்கூட ஒன்றும் இல்லை. தாய்மார்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக மேட்டுத் தெரு ஏறினார்கள். இரண்டாம் வருடக் கடைசியில் மேடம் கடையை மூடிவிட்டுச் சந்தையில் துணி விற்கப் போனாள்.

எனக்கும் வேலை போனது. வெட்கத்தைவிட்டு அவள் வாசலில் போய் நின்றேன். "வாங்கக்கா. உங்களுக்காகத்தான் இடம் வச்சிருக்கேன்," என்றாள். பைத்தியக்காரி நான், கண் கலங்கிப்போனேன்.

மறுநாள் காலையில் புரிந்தது. பிள்ளைகள் எல்லாம் உள்ளே போன பிறகு வரிசையில் கடைசி ஆளாக நான் நிற்க வேண்டும். நகம் பார்ப்பாள், உள்ளங்கை பார்ப்பாள், இமையை இழுத்துப் பார்ப்பாள். அப்புறம் கேட்பாள்.

"அன்னைக்கு எங்கக்கா இருந்தீங்க?"

"அடுப்படியில."

"சரி. கையைக் கழுவிட்டு உள்ள போங்க."

நாலு வருடம். ஞாயிறு தவிர ஒவ்வொரு காலையும் இதே கேள்வி. கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இருமல் இருக்கிறதா என்று கேட்கிற குரலிலேயே கேட்பாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனை நாள் வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் அன்று பொய் சொன்னேன் என்றாகுமே. முழுங்கிவிட்டு உள்ளே போய் அவள் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிண்டுவேன்.

போன ஜூலையில், மத்தி மீன் வந்து துறைமுகமே திமிறிக்கொண்டிருந்த ஒரு காலை, வரிசையின் நடுவில் மேடம் அஃபுல் நின்றாள். நாற்பத்திரண்டு வயதில் பெற்ற கடைக்குட்டி எஃப்ரிபாவை இடுப்பில் வைத்திருந்தாள். பிள்ளையின் கண்ணில் மை தீட்டியிருந்தது. வரிசையில் நாற்பது தாய்மார்கள் இருப்பார்கள். ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடம் முன்னால் வந்தாள். "சந்தையில பிள்ளையை வச்சுக்கிட்டு முடியல கூக்குவா. பழசெல்லாம் மனசுல வச்சுக்காத. நீ நல்லவ."

"நல்லவ இல்ல மேடம். அப்பல்லோ. பலகையில எழுதியிருக்கே, படிக்கலயா?" கூக்குவா பிள்ளையைத் தொடவில்லை. "ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு மைக்குச்சி யாரு கையில இருந்துச்சு?"

மேடம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னாள்.

"வாயில கென்கே மாவு உருண்டையா வச்சிருக்கீங்க? கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"என் கையில," என்றாள் மேடம். "நான்தான் வச்சேன். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே குச்சியால. கூக்குவா வேணாம்னு சொன்னா. அவ மேல தப்பு இல்ல."

நின்ற தாய்மார்களில் பலர் அன்று முற்றத்தில் கத்தியவர்கள். ஒருத்தியும் நிமிரவில்லை. எனக்கு அந்த மேடத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, குளுகுளுவென்றும் இருந்தது. பொய் சொல்வானேன்.

கூக்குவா இப்போதுதான் பஞ்சை நனைத்துப் பிள்ளையின் மையைத் துடைத்தாள். கீழ் இமையை இழுத்தாள். மைக்கு அடியில் மஞ்சளாகப் பீளை.

"காலையில கண்ணு ஒட்டிக்கிட்டிருந்துச்சா?"

மேடம் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"மை போட்டு மறைச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. மருந்து போடுங்க. கண்ணு ஒட்டாம எந்திரிச்சு ரெண்டு நாள் ஆனப்புறம் கூட்டிட்டு வாங்க, சேத்துக்குறேன்."

"நீ கேட்டதைச் சொல்லிட்டேனே. ஊரு முன்னாடி சொல்லிட்டேனே."

"சொன்னீங்க. பீளைக்குக் காது இல்லையே மேடம். அடுத்து யாரு?"

மேடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரையும் தாண்டி இறங்கிப் போனாள். வரிசை நகர்ந்தது. வழக்கமாகப் பிள்ளையை விட்டதும் ஓடுகிற தாய்மார்கள் அன்று ஒருத்தியும் போகவில்லை. கடைசியில் நான் நின்றேன்.

நகம் பார்த்தாள். உள்ளங்கை பார்த்தாள். இமையை இழுத்துப் பார்த்தாள்.

"அன்னைக்கு எங்கக்கா இருந்தீங்க?"

அப்பாடா, இன்றோடு இது தொலைந்தது என்றுதான் நினைத்தேன். "வாசற்படியில. சோத்துப் பானையோட நின்னேன். எல்லாத்தையும் பார்த்தேன்," என்றேன் சத்தமாக.

கூக்குவா தலையாட்டினாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போன என்னைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கழுவ வேணாம். மேலாடையைக் கழட்டிக் குடுத்துட்டுக் கெளம்புங்க. நீங்க இதைச் சொல்ற நாளுக்குன்னே சமையலுக்கு வேற ஆள் சொல்லி வச்சிருக்கேன்."

"நான் என்னடீ சீக்கா? என் கண்ணுல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல," என்றாள், நான் நீட்டிய மேலாடையை நாலாக மடித்துக்கொண்டே. "உங்க கண்ணுல என்னைக்குமே ஒரு கோளாறும் இருந்ததில்லக்கா."