கைடு டிக்கெட் தேவைதானா

என் அண்ணன் ஓசியில் கைடு கேட்கிற ஆள். மதுரைக்கு மகால் பார்க்கப் போனால், காசு கொடுத்து கைடு வைத்திருக்கிற கூட்டம் எது என்று வாசலிலேயே பார்த்து வைத்துக்கொள்வான். உள்ளே அவர்களுக்கு நாலடி தள்ளி நின்று, விதானத்தை ரசிக்கிறவன் மாதிரி தலையைத் தூக்கிக்கொண்டு, காதை மட்டும் அந்தப் பக்கம் கொடுப்பான். கைடு இங்கிலீஷில் பேசினால் எங்களுக்குத் தமிழில் சொல்வான். அதில் பாதி அவன் சொந்தச் சரக்கு. நாங்களும் நம்பிக்கொண்டு ஊர் வந்து சேருவோம்.

அவனுக்கு ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர் வேலை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். தொண்ணூறுகளின் நடுவில், மெட்ராஸுக்கு வெளியே புதிதாகத் திறந்திருந்த தீம் பார்க் ஒன்றுக்கு, மில்லில் அவனோடு வேலை பார்த்தவர் குடும்பத்தோடு போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து அவருக்கு வேறு பேச்சே கிடையாது. அண்ணன் அதை வீட்டில் வந்து சொல்லித் தொலைத்தான். அவன் மகள்கள் இரண்டு பேரும் அன்றைக்குப் பிடித்த பிடியை விடவில்லை. பரீட்சை முடிந்ததும் போகலாம் என்று அவனே கடைசியில் இறங்கி வந்தான்.

அங்கே டிக்கெட்டில் இரண்டு விதம் உண்டாம். சும்மா உள்ளே போய் நாமே சுற்றிவிட்டு வருவது ஒன்று. இன்னொன்றுக்குக் கூடுதல் காசு. அதற்கு ஒரு கைடு கூடவே வருவார், ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி வரிசையில் விடுவார்கள், மத்தியானச் சாப்பாடும் அதிலேயே சேர்த்தி, பைகளை வைக்க ஒரு ரூமும் கொடுப்பார்கள். மில்லில் வேலை பார்த்தவர் கைடோடு போய்விட்டு வந்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இதைப் பற்றிப் பஞ்சாயத்து நடந்தது. மகள்களுக்குத் தனி வரிசை வேண்டும், அதனால் கைடு வேண்டும். அண்ணனுக்குக் கைடு என்ற வார்த்தையே ஆகாது. "எல்லா இடத்துலயும் அம்புக்குறி போட்டு வச்சிருப்பான். அதப் பாத்துப் போகத் தெரியாதா?" என்றான். நானும் அவன் கட்சிதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போய் நான் பார்க்காத கைடா? அதே கதை, அதே சிரிப்பு. கோயில், கோட்டை என்றாலாவது சொல்வதற்கு நாலு விஷயம் இருக்கும். தண்ணீரில் சறுக்கி விழுவதற்கு விளக்கவுரை எதற்கு என்று கேட்டேன். எனக்கு அது நல்ல வாதமாகவே பட்டது.

மதினி அடுப்படியில் இருந்தாள். அண்ணன் பெண்டாட்டி. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளே கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்று, "அந்த ரூம்ல எல்லாப் பையையும் வைக்கலாமா?" என்று கேட்டாள்.

அவள் ஏன் அதைக் கேட்டாள் என்பது எங்கள் குடும்பத்தை அறிந்தவர்களுக்குப் புரியும். நாங்கள் எங்கே போனாலும் பைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். குற்றாலத்துக்குப் போனால் மாற்றுத் துணி, எண்ணெய் பாட்டில், கழற்றி வைத்த சங்கிலி, எல்லாவற்றுக்கும் மேலே குரங்கு. புரட்டாசி சனிக்கிழமை எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருவண்ணாமலையில் பெருமாளைப் பார்க்கப் போனால் அடிவாரத்தில் செருப்பு. கொடைக்கானலில் நாங்கள் படகில் போனபோது கரையில் தூக்குவாளி. எல்லா இடத்திலும் பக்கத்தில் மதினி உட்கார்ந்திருப்பாள். உட்காரு என்று அவளை யாரும் கட்டாயப்படுத்தியது கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை உட்கார்ந்தாள், அதோடு அது அவள் இடம் ஆகிவிட்டது. மாற்றி மாற்றி உட்காரலாம் என்று ஒவ்வொரு தடவையும் பேசுவோம். எங்கள் முறை வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

ஊருக்குத் திரும்பியதும் அக்கம்பக்கத்தில் மதினியிடம்தான் கேட்பார்கள். அவளும் குறையில்லாமல் சொல்வாள். "மெயினருவியில செமத்தியா விழுது. தலைய நீட்ட முடியல" என்பாள். அருவிச் சாரல்கூட அவள் மேல் பட்டிருக்காது. நாங்கள் பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்ததை வைத்துச் சொல்கிறாள் என்பது எங்களுக்கு மட்டும் தெரியும். இந்தத் தடவையாவது அவள் உள்ளே போகவேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே இருந்தது. ஆனால் அதையும் கைடு டிக்கெட்டையும் சேர்த்து நான் யோசிக்கவில்லை.

அண்ணன் சிரித்துவிட்டான். "பைக்கு ரூம் வேணும்னா தனியா எடுத்துக்கிட்டாப் போச்சு. அதுக்குப் போயி கைடா?" என்றான். கைடு வேண்டாம் என்று முடிவாயிற்று.

மெட்ராஸில் மதினியின் சொந்தக்காரர் வீட்டில் இறங்கினோம். புளிக்காய்ச்சலை ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். அதிகாலையில் எழுந்து சோறு வடித்து, பெரிய தூக்குவாளி நிறையப் புளியோதரை கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, துணி கட்டி எடுத்துக்கொண்டாள். வெளியூருக்குக் கட்டுச்சோறு இல்லாமல் கிளம்புகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. பார்க் வாசலில் வாட்ச்மேன் தூக்குவாளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை என்றார். பை வைக்கும் ரூமிலும் சாப்பாட்டுச் சாமான் வைக்கக் கூடாதாம். மில்லில் வேலை பார்த்தவர் இதைச் சொல்லவே இல்லை. அவருக்கு உள்ளேயே இலை போட்டுவிட்டார்கள், அவருக்கு எப்படித் தெரியும்?

அண்ணன் விடவில்லை. "வயசான ஆள் இருக்கு சார், கடைச் சாப்பாடு ஒத்துக்கிடாது" என்றான். வாட்ச்மேன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வயசான ஆள் யார் என்று கேட்டார். அண்ணன் கூசாமல் என்னைக் கைகாட்டினான். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. வாட்ச்மேனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விடவில்லை.

வாசலுக்கு எதிரே ஒரு மரத்தடியில் எங்களைப்போல ஏமாந்த குடும்பங்கள் சில உட்கார்ந்திருந்தன. அண்ணன் தூக்குவாளியை அங்கே கொண்டுபோய் வைத்தான். மதினியைப் பார்த்து, "நீ செத்த நேரம் இங்கன இரி. நாங்க ஒரு சுத்து பாத்துட்டு வந்து மாத்தி விடுதோம்" என்றான்.

மதினி உட்காரவில்லை. "எனக்குக் கைடு டிக்கெட் ஒண்ணு எடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"உள்ள போகத்தான்."

"நீ தனியா எப்படிப் போவ? கூட்டத்துல தொலைஞ்சுல்லா போவ."

"அதுக்குத்தான கைடு" என்றாள் மதினி.

மகள்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. "எடுத்துக் குடு அண்ணே" என்றேன். அவன் கவுண்டருக்குப் போகும்போது வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனான். சிவப்புக் கொடி பிடித்த ஒரு பெண் வந்து, முன்பின் தெரியாத கூட்டத்தோடு மதினியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனாள். மதினி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தூக்குவாளிக்குக் காவல் இருக்கிற முதல் முறை அண்ணனுக்கு வந்தது. நானும் பிள்ளைகளும் உள்ளே போனோம். பார்க் மோசமில்லை, மில்லில் வேலை பார்த்தவர் அளந்த அளவுக்கும் இல்லை. மணி அடித்தால் மெஷின் அலை கிளப்பும், உடனே ஊரே கூச்சல் போடும். வரிசைகள்தான் நீளம். நாங்கள் ஒரு சறுக்குக்கு வெயிலில் நின்று வதங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தனி வரிசையில் மதினி படியேறிப் போனாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். நான் கூப்பிட்டேன். இரைச்சலில் அவள் காதில் விழவில்லை.

அண்ணனை மாற்றிவிட வந்தால், அவனைச் சுற்றிப் பைகள் குவிந்து கிடந்தன. ஒரு ஆள் காவலுக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும், "சார், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று அவனிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தன்னை நம்பிக் கொடுத்ததை இன்னொருத்தரிடம் எப்படி விட்டுவிட்டுப் போவது என்று எழுந்திருக்க மறுத்துவிட்டான். அதில் அவனுக்குக் கௌரவம் வேறு. வந்தவர்கள் போக, புதிதாகப் பைகள் சேர்ந்துகொண்டே இருந்தன. புளியோதரையைச் சாப்பிட்டு, காக்கா விரட்டி, சாயங்காலம்வரை அங்கேயே இருந்தான். நாங்கள் இன்னொரு தடவை உள்ளே போய்விட்டு வந்தோம்.

மதினி கடைசியாக வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் அவளுக்காகக் காத்திருந்தவன் மாதிரிக் கேட்டான்.

"என்ன சொன்னா உன் கைடு? துட்டுக்குத் தக்க ஏதாவது விளக்குனாளா?"

"என்னத்த விளக்க? போர்டுல எழுதியிருக்கதத்தான் வாசிச்சா."

"பாத்தியா? தண்டம்னு நான் அப்பவே சொல்லல?" என்று அவன் என்னைப் பார்த்தான்.

மதினி சின்ன மகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, துண்டால் அவள் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். "ஒரு இடத்துல நான் குழாயடியில நின்னுட்டேன். கண்ணுல சோப்புத் தண்ணி பட்ட மாதிரி எரிஞ்சிச்சு, கழுவிக்கிட்டு இருந்தேன். கூட வந்தவிய எல்லாம் போயிருப்பாவன்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா அப்படியே நிக்காவ. அந்தப் புள்ள எல்லாரையும் நிறுத்தி வச்சிருக்கா. 'ஒரு அம்மா வரணும், அவங்க வந்தப்பறம்தான் போவோம்'னு சொல்லுதா."

எனக்குச் சுருக்கென்றது. மதினி துண்டை உதறி, மறுபடியும் பிள்ளையின் தலையில் போட்டாள்.

"அம்புட்டுப் பேரும் எனக்காக நின்னாவ" என்றாள்.