பின்னால் போன முள்

காப்பிப் பழத்தோல் புளித்த வாடை மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதிய 'ரைட்டர்' ஐயாவின் இடது மணிக்கட்டுதான். ஏற்காட்டு மலையில் தலைச்சோலைப் பக்கம் அந்த எஸ்டேட்டில் பழம் பறித்த என் அம்மாவிடமும் மற்றப் பெண்களிடமும் கடிகாரம் கிடையாது. மூடுபனி இறங்கிவிட்டால் வெயிலைப் பார்த்து நேரம் சொல்லவும் வழியில்லை. ஆகவே ரைட்டர் கையில் ஐந்து மணி ஆனால்தான் எல்லோருக்கும் வேலை விடும் ஐந்து மணி.

பள்ளி விட்டதும் எடைபோடும் கொட்டகையில் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். பனி மூடிய மாலைகளில் ரைட்டர் கடிகாரத்தின் பக்கத்துத் திருகை வெளியே இழுத்துச் சுற்றுவார்; பெரிய முள் பின்னால் நகரும். ஒருநாள் ஏனென்று கேட்டேன்.

"சாவி குடுத்தா முள்ளு கொஞ்சம் பின்னால போயித்தான் முன்னால வரும் சாமி. பள்ளிக்கூடத்துல இதக்கூடச் சொல்லித் தர்றதில்லியா?" என்று சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான்; என் பேச்சுக்கு அந்தப் பெண்களிடம் மதிப்பிருந்தது. "ஏனுங்க ரைட்டரே, உங்க வாட்ச்சுக்கு மூட்டுவலிங்களா? நகரவே மாட்டேங்குது" என்று பாப்பாத்தி அத்தை கேலி பேசியபோது, நான்தான் முந்திக்கொண்டு அந்த விளக்கத்தைச் சொன்னேன்.

"படிக்கிற புள்ள சொல்லுது, சரியாத்தான் இருக்கும்" என்று அத்தை மறுபடி செடிக்குள் புகுந்தார். அன்றும் கடைசி பஸ் போய்விட்டது. காட்டெருமை வரும் பாதையில், இருட்டில், அம்மா என்னை இழுத்துக்கொண்டு 'ஊடு' சேர்ந்தாள்.

வேலை கிடைத்தபின், சென்ற மாதம், சேலத்தில் ஆசையாக ஒரு பழைய சாவிக் கைக்கடிகாரம் வாங்கினேன். நான் திருகை இழுத்துவிட்டுச் சுற்றியதைப் பார்த்துக் கடைக்காரர் பதறினார்: "அது நேரம் மாத்தறதுங்க. சாவி குடுக்கறதுன்னா திருகை உள்ள வெச்சே சுத்தோணும். அப்ப முள்ளு அசையவே அசையாதுங்க." அப்படியென்றால், ரைட்டர் அன்று திருப்பியது நேரத்தைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏற்காட்டில் ரைட்டரின் வீட்டுக்குப் போனேன். பேத்திக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "அட, நம்ம படிச்ச பையன்! வா கண்ணு" என்றார். கடிகாரத்தைக் கழற்றி நீட்டினேன்.

"சாவி குடுங்க ஐயா."

பழகிய விரல்கள் சுற்றின. முள் அசையவில்லை.

"பின்னால போகலீங்களே?"

அவர் சுற்றுவதை நிறுத்தினார். "எதுக்குத் தாத்தா பின்னால போகோணும்?" என்று பேத்தி கேட்டாள்.

"நீ உள்ள போ கண்ணு."

"இருக்கட்டுங்க. பாப்பாவுக்கும் சொல்லிக் குடுங்க. பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தர்றதில்லீங்க."

அவர் வாய் திறக்கும்வரை உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தேன். கடைசியில், தரையைப் பார்த்தபடி, "பஸ்ஸு போகட்டும்னுதான் திருப்பி வெச்சேன். பஸ்ஸு இருந்தா நேரத்துக்கே கெளம்பிருவாளுங்க, பழம் செடியிலயே நின்னுரும்" என்றார். பேத்தி அவரிடமிருந்து நோட்டை மெல்ல இழுத்துக்கொண்டாள். எனக்கு நொம்ப நிறைவாக இருந்தது.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் அறைகள். பாப்பாத்தி அத்தை இல்லை. என்னை நம்பியபடியே போய்ச்சேர்ந்துவிட்டார். அதனால்தான் ரைட்டரை மன்னிக்கும்படி அம்மா சொல்லியும் எனக்கு மனம் வரவில்லை. ரைட்டர் இனி எதைச் சொல்லிக் கொடுத்தாலும், அது மெய்தானா என்று அந்தப் பிள்ளை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்.