போஸ், போஸ்மா

மேஸ்திரி என்ற பொருளில் எல்லோரும் உஸ்தா என்று அழைத்த என் அப்பா ஹம்தம், உஸ்பெகிஸ்தானில் கம்சிக் கணவாயின் அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருபத்தாறு வருடம் பிரேக் வேலை மட்டும் செய்தார். எஞ்சினைத் தொட மாட்டார். கேட்டால், "ஓடலைன்னா வீட்டுல கிடப்பே. நிக்கலைன்னா?" என்பார். போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாடகைக் கார் ஒன்றின் அடியில் படுத்திருந்தபோது இதயம் நின்று இறந்தார். வயது ஐம்பத்தொன்பது.

நான் தாஷ்கண்டில் பிரேக் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். செய்தி வந்தபோது ஒரு டிஸ்க்கின் வெப்பத்தை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணை எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

அப்பாவின் வேலைமுறை இது. வண்டிக்காரரின் பிரேக் ஆயிலைக் கொஞ்சம் உறிஞ்சி ஒரு டீக் கிண்ணத்தில் ஊற்றுவார். பக்கத்துக் கிண்ணத்தில் புதியது. ஒன்று கொதித்துக் கறுத்த டீ, இன்னொன்று முதல் ஊற்று பச்சை டீ. "எதைக் குடிப்பே?" வண்டிக்காரர் சாவியைக் கொடுத்துவிடுவார்.

பெடலை மிதிக்க ஆள் வைத்துக்கொள்ளவில்லை. வண்டிக்காரரே உட்கார வேண்டும். "மலையில மிதிக்கப்போறது உன் கால். அதுக்குத் தெரியட்டும்." அப்பா அடியில் படுத்து, சக்கரத்தருகே இருக்கும் நிப்பிளைத் திறப்பார். மிதித்தால் பழைய ஆயிலும் காற்றும் வெளியே வரும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். திறந்திருக்கும்போது எடுத்து மிதித்தால் காற்று உள்ளே போகும்; பெடல் மெத்தையாகிவிடும், பிரேக் பிடிக்காது.

மிதி என்பதற்கு எங்கள் மொழியில் போஸ். மிதிக்காதே என்பதற்கு போஸ்மா. நடுவே ஒரு 'மா'தான். வெளியே லாரிகள் கியர் மாற்றும் சத்தத்தில் அந்த 'மா' காணாமல் போய்விடும். அதனால் ஒரு விதி வைத்திருந்தார்: சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கால் அசைய வேண்டும். தப்பாகத் திருப்பிச் சொன்னால் அடியிலிருந்து வசவு வரும். "காதை வீட்டுல வச்சுட்டு வந்தியா, கழுதை!" அமைச்சக அதிகாரி ஒருவருக்கும் இதே வசவுதான்.

சக்கரம் வழுக்கும்போது பிரேக்கைத் தானே விட்டுவிட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் வந்த புதிதில் ஒருமுறை தவறினார். பழைய வண்டிக்குச் செய்வதுபோலவே நான்கு சக்கரத்திலும் காற்றை எடுத்தார். பெடல் கல் மாதிரி இருந்தது. மேலே பனியில் சக்கரம் வழுக்கி ஏபிஎஸ் வேலை செய்ததும், அதன் பெட்டிக்குள் ஒளிந்திருந்த காற்று குழாய்க்கு வந்து, பெடல் தரையைத் தொட்டது. வண்டி தடுப்பில் மோதி நின்றது. ஓட்டியவருக்குத் தோள்பட்டை போயிற்று. அப்பா ஒரு மாதம் கொட்டகையைத் திறக்கவில்லை. பிறகு, ஏபிஎஸ் பெட்டியை இயக்கிக் காற்றை எடுக்க ஒரு ஸ்கேனர் வாங்கினார். மெனு ஆங்கிலத்தில் இருந்ததால், ஒவ்வொரு ஏபிஎஸ் வண்டிக்கும் என்னைத் தொலைபேசியில் அழைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பார். "மூணாவது வரி என்ன சொல்றான்?" எங்கள் பேச்சில் பாதி அதுதான்.

அப்பா இறந்த நான்காம் நாள் காலை யூல்தாஷ் அண்ணன் வந்தார். அப்பா இறந்தது அவர் காரின் அடியில்தான். வண்டி இன்னும் கொட்டகையிலேயே நின்றது.

"தங்கச்சி, நாலு பேர் தாஷ்கண்டுக்குக் காத்திருக்காங்க. வண்டியை எடுத்துக்கட்டுமா? உஸ்தா வேலையை முடிச்சிட்டாரு. பெடல் கல்லு மாதிரி இருக்கு."

"நான் பார்க்கணும்."

"துக்க உடுப்போட அடியில படுக்கப்போறியா?"

உள்ளிருந்து அம்மா சொன்னாள்: "வர்றவங்களுக்கு நான் டீ ஊத்திக்கறேன். நீ போ."

பெடலை மிதித்தேன். கல்தான். தரையில் இரண்டு காலி ஆயில் பாட்டில்கள். ஒன்று அப்பா வாங்குவது. மற்றது அவர் தொடாத வகை. ஒரு காருக்கு அப்பாவுக்கு ஒரு லிட்டர் போதும்.

"ரெண்டாவது பாட்டில் யாருது அண்ணே?"

அவர் தொப்பியைக் கழற்றினார்.

"என்னுது. மறுநாள் என் தம்பியோட வந்து நிப்பிளை மூடி, ஊத்தி, நாங்களே காத்தை எடுத்தோம்."

"ஏன்?"

"அன்னிக்கு உஸ்தா ஏதோ சொன்னாரு. எனக்கு போஸ்னு விழுந்துச்சு. போஸ்னு திருப்பிச் சொல்லிட்டு மிதிச்சேன். மூடினேன்னு சத்தமே வரல. திரும்ப மிதிச்சேன். பதினஞ்சு தரம் இருக்கும். உஸ்தா, தூங்கிட்டீங்களா, டீ கொண்டுவரட்டுமான்னு கிண்டல் வேற பண்ணேன்." தொப்பியைக் கசக்கினார். "அப்புறம்தான் இறங்கிப் பார்த்தேன். போஸ்மான்னுதான் சொல்லியிருக்காரு, தங்கச்சி. நான்தான்..."

"ஆயில் டப்பா காலியாச்சா?"

"என்ன?"

"மேல இருக்கற டப்பா. காலியாச்சா?"

"சுத்தமா."

அப்படியானால் காலி டப்பா வழியே காற்று இறங்கி ஏபிஎஸ் பெட்டிக்குள் இருக்கிறது. கல் போன்ற அந்தப் பெடல் பனி வரும்வரைதான்.

ஸ்கேனரை மாட்டினேன். அவரை உட்காரவைத்தேன். அடியில் படுத்தேன். சிமெண்ட் தரை குளிர்ந்தது.

"போஸ்."

மேலே மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அண்ணே, திருப்பிச் சொல்லுங்க."

"போஸ்," என்றார், அழுதுகொண்டே.

ஸ்கேனர் இயக்கிய ஏபிஎஸ் பெட்டியின் பம்ப் தேனீக்கூடு போல இரைந்தது. நிப்பிளில் மாட்டிய கண்ணாடிக் குப்பிக்குள் முதலில் ஆயில் தெளிவாக வந்தது. பிறகு குமிழிகள், கொத்துக் கொத்தாக. குமிழி நிற்கும்வரை நான்கு சக்கரத்துக்கும் மூன்று சுற்று.

அடியில் கிடந்தபடியே கணக்குப் போட்டேன். தப்பாகத் திருப்பிச் சொன்ன எவரையும் அப்பா விட்டதில்லை. அன்று திட்டவில்லை. அதாவது, அப்பா சொன்னது போஸ்தான்; இல்லையென்றால், யூல்தாஷ் அண்ணன் போஸ் என்று திருப்பிச் சொன்னபோதே அப்பாவால் திட்ட முடியவில்லை. எப்படியானாலும் அந்த முதல் மிதிக்குள் இதயம் நின்றிருக்கிறது. பதினைந்து மிதி, மிதிக்கு நான்கு விநாடி. ஒரு நிமிடம்.

வெளியே வந்து அதை அவரிடம் சொன்னேன்.

"அந்த ஒரு நிமிஷத்துல நான் இறங்கியிருந்தா?"

"தெரியல, அண்ணே. பொழைச்சிருக்க மாட்டாருன்னு டாக்டர் சொன்னாரு. அவருக்கும் நிச்சயமாத் தெரியாது. ஆனா உங்க காதால அவரு போகல. தப்பாக் கேட்டிருந்தா அவரு திட்டியிருப்பாரு; திட்ட முடியலைன்னா, நீங்க மிதிக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். பிறகு என்னை ஏற்றிக்கொண்டு ஆற்றோரச் சரளைப் பாதைக்குப் போனார். நாற்பதில் ஓட்டி, முழுக்க மிதித்தார். ஏபிஎஸ் இயங்கியதும் பெடல் காலை உதைத்தது. இறங்கவில்லை. இன்னும் இரண்டு முறை மிதிக்கச் சொன்னேன். இறங்கவில்லை.

"போங்க," என்றேன்.

அன்று மாலை அழைத்தார். "கணவாய் தாண்டி ஆங்ரென் வந்துட்டேன், தங்கச்சி. மேல பனி. ரெண்டு தரம் கால்ல உதைச்சுது. நின்னுது."

"பயணிங்க?"

"மூணு பேர் வாந்தி. ஒருத்தன் புறப்பட்டதுலேருந்து தூங்கறான். எழுப்பவே முடியல."

சிரிப்பு வந்தது. நான்கு நாளில் முதல்முறை. அது அழுகையாக மாறுவதற்குள் போனை வைத்துவிட்டு, பெண்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.