வேதியியல் டீச்சர் வராத மாதங்கள்

விரல் வைத்தால் பச்சை விளக்கு எரியும் வருகைப் பதிவுக் கருவி ஒன்று பள்ளி அலுவலக வாசலில் இருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த காலையில் வேதியியல் டீச்சர் விரல் வைத்தபோது சிவப்பு எரிந்தது. புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சிவப்புதான். அவருக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். கிளார்க் அவரைத் தாண்டி என்னைப் பார்த்து, "வாங்க சார், நீங்கதான் அடுத்து" என்றார்.

மன்னார்புரத்துக்குப் பக்கத்தில் இருந்த தனியார் பள்ளி அது. பத்திரிகைக்குப் போவதற்கு முன் அங்கே தமிழாசிரியராக இருந்தேன். ஏப்ரல் முடிவில் ஆசிரியர்கள் எல்லோரும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, ஜூனில் புதிதாகச் சேர்வோம். இடையில் பணி அறுந்துவிடுவதால் நிரந்தரம் என்ற பேச்சே எழாது. அந்த ஆண்டு டீச்சர் மட்டும் எழுத மறுத்தார். நீக்கினால் வழக்குப் போடுவார் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். அதனால் நீக்கவில்லை. அவரைப் பார்ப்பதை நிறுத்தினார்கள்.

வகுப்பு கொடுக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஆயா கொண்டுவரும் டீ சரியாக அவருக்கு முன்னால் தீர்ந்துபோகும். தலைமையாசிரியர் அவருடைய நாற்காலி முதுகில் கை வைத்தபடியே எங்களிடம், "கெமிஸ்ட்ரிக்கு ஆள் கிடைக்கலியே, யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க" என்பார். முதலில் இது நடிப்பாகத்தான் இருந்தது. மழைக்காலத்துக்குள் பழக்கமாகிவிட்டது. ஒருநாள் உடற்பயிற்சி ஆசிரியர் வராந்தாவில் அவர்மேல் மோதிவிட்டு, கால் எதில் தட்டியது என்று தரையைப் பார்த்தார். அந்த முகத்தில் நடிப்பு இல்லை.

மாலையில் நாங்கள் இருவரும் ஸ்ரீரங்கம் பஸ்ஸில்தான் திரும்புவோம். காவிரிப் பாலம் தாண்டிய பிறகே பேசுவார். காய்ச்சலோடு வந்திருந்த ஒரு நாள், "வீட்ல படுத்திருக்கலாமே டீச்சர்" என்றேன்.

"ஒரு நாள் வரலைன்னா போதும் தம்பி, நானே வேலைய விட்டு நின்னுட்டேன்னு எழுதிடுவாங்க. பேய்கூட அமாவாசைக்கு அமாவாசைதான் டூட்டி பாக்குது, எனக்குத் தினமும்" என்று சிரித்தார். பிறகு, "ஸ்கூல்ல எங்கிட்ட பேசிடாதீங்க. உங்க வேலையும் போயிடும்" என்றார். அதன்பின் பள்ளியில் நான் அவரிடம் பேசவில்லை.

ஆண்டு முடிவில் ஆசிரியர்களைச் சேர்த்துப் படம் எடுத்தார்கள். புகைப்படக்காரர் வெளியாள், எங்கள் வழக்கம் தெரியாது. "மேடம், ஏன் ஓரமா நிக்கிறீங்க? சீனியரா தெரியுறீங்க, சார் பக்கத்துல உக்காருங்க" என்றார். தலைமையாசிரியர் வாயைத் திறந்தார். உட்கார வேண்டாம் என்றால், அவர் அங்கே இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும். வாயை மூடிக்கொண்டார். டீச்சர் உட்கார்ந்தார். "சிரிங்க" என்ற குரலுக்கு அவர் ஒருவர்தான் சிரித்தார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டினார்கள். அதில் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

டீச்சர் வழக்குத் தொடுத்தார். ஜூனிலிருந்து அவர் வரவே இல்லை என்றது பள்ளி. விசாரணையில் படத்தின் பிரதியை நீட்டி, "உங்க பக்கத்துல இருக்கிறது யாரு?" என்று கேட்டார்கள். தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அந்தச் சேர் காலியாத்தாங்க இருந்துச்சு" என்றார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னாளில் பத்திரிகைக்காக எத்தனையோ பேர் பொய் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரல் அப்படி ஒலிக்கவில்லை.

அவரை மறுபடி பணியில் சேர்க்க உத்தரவானது. அவர் திரும்பி வந்த காலையில் தலைமையாசிரியரே வாசலுக்கு வந்து, "வாங்க டீச்சர், வாங்க" என்றார். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் எழுந்து நின்றோம். டீச்சர் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு எங்கள் நடுவே நடந்தார். காலி அறையில் நடப்பது போலிருந்தது. "வணக்கம் டீச்சர்" என்றேன். அவர் கண்கள் என் முகத்துக்கு நேரே வந்து, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தன. திரும்பினேன். வெறும் சுவர். சற்று நேரத்தில் வகுப்பிலிருந்து பிள்ளைகளின் வணக்கமும், அதற்கு அவர் சொன்ன பதிலும் தெளிவாகக் கேட்டன.

இன்றும் ஸ்ரீரங்கம் கடைத்தெருவில் எப்போதாவது எதிரே வருகிறார். நான்தான் ஒதுங்கி நிற்கிறேன். அவர் நடை மாறுவதில்லை.