ஒன்பதாவது வாய்

ஆர்வில்லா பக்னர் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் தும்மக்கூடப் பயப்படுவார்கள். ஒரு பையன் வழியெல்லாம் அடக்கிவைத்த தும்மலை வீட்டு வாசலில் இறங்கித்தான் தும்மினானாம்; அந்த வேகத்தில் கோழிக்கூண்டின் கதவு பிய்த்துக்கொண்டு போய் அடுத்த வயலில் விழுந்ததாம். மிசௌரியின் தெற்கு மலைகளில் எதைச் சொன்னாலும் பாதி தள்ளுபடி செய்துகொண்டு கேட்பதுதான் வழக்கம். ஆர்வில்லா விஷயத்தில் மட்டும் தள்ளுபடி கிடையாது.

வாதுமை ஓடைக்கரையில் அவள் சண்டை போடாத ஆள் இல்லை. ஆனால் அவையெல்லாம் சில்லறைச் சண்டை. முழுப் பகை ஒருவனோடுதான். ஓடைக்கு அக்கரையில் வேட்டைநாய் வளர்க்கிற ஹோபார்ட் ப்ரூயிட். அவனுடைய பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அது அவனுக்கு உறைக்கவே இரண்டு நாள் ஆயிற்று. நாய் ஒன்று குறைந்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும்.

பகைக்குக் காரணம் ஒரு பன்றித்தொடை. ஆர்வில்லாவின் புருஷன் ஓரனைப் புதைத்துவிட்டு எல்லாரும் கல்லறையிலிருந்து திரும்பியபோது, துக்க வீட்டுக்கென்று ஊரார் கொண்டுவந்த பலகாரமெல்லாம் மேஜையில் அப்படியே இருந்தது. நடுவில் புகைபோட்டுப் பதப்படுத்திய பெரிய தொடை மட்டும் இல்லை. ஹோபார்ட்டின் நாய்கள் அதை முற்றத்தில் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஹோபார்ட் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது.

பதினோரு வருஷம் கழித்து, ஒரு மார்ச் மாதக் குளிரில், சமையலறையின் பலகைத் தரைக்கு அடியிலிருந்து கீச்கீச்சென்று சத்தம் கேட்டது. ஆர்வில்லா துடைப்பத்தோடு வெளியே போய், தரைக்கும் மண்ணுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் குனிந்து பார்த்தாள். கணப்படுப்பின் அடிக்கல்லை ஒட்டி, காய்ந்த மண்ணில், ஹோபார்ட்டின் செம்பழுப்பு வேட்டைநாய் டைனா ஒன்பது குட்டி போட்டுக் கிடந்தது. பன்றித்தொடையைத் திருடிய நாயின் மகள். டைனா பல்லைக் காட்டி உறுமியது. ஆர்வில்லாவும் காட்டினாள். அவளுடையது கட்டுப்பல்தான், ஆனாலும் டைனாதான் முதலில் வாயை மூடியது.

டைனாவைத் தேடிக்கொண்டு வந்த ஹோபார்ட் குட்டிகளைத் துணி துவைக்கும் தொட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் பார்த்தால் அத்தனையும் பழைய இடத்திலேயே கிடந்தன. டைனா ஒவ்வொன்றாகக் கவ்வி, பனி உருகி ஓடுகிற தண்ணீரில் இறங்கி, திரும்பக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. இனி அசைத்தால் குட்டிகளைத் தானே கடித்துவிடும் என்று ஹோபார்ட்டுக்குத் தெரியும். அதனால் பகையாளி வீட்டுக்கே வந்து சோறு போட வேண்டியதாயிற்று.

முதல் நாள் அவன் இறைச்சிச் சட்டியோடு ஒரு தீவனச் சாக்கையும் கொண்டுவந்தான்.

"சாக்கு எதுக்கு?" என்றாள் ஆர்வில்லா. பதினோரு வருஷத்தில் அவனிடம் அவள் பேசிய முதல் சொல் அது.

"பால் வர்ற காம்பு எட்டு. வாய் ஒம்பது. அந்த நோஞ்சான் பொழைக்காது. கெடந்து மத்ததோட பாலையும் கெடுக்கும். ஓடையில விட்டுட்டா வேலை முடிஞ்சது. எங்கப்பா காலத்துலேருந்து இதான் வழக்கம்."

ஆர்வில்லாவுக்கு நாய் என்றாலே ஆகாது. அந்த நோஞ்சான் வேறு யார் வீட்டில் பிறந்திருந்தாலும் சாக்கை அவளே பிடித்திருப்பாள். ஆனால் ஹோபார்ட் ஒன்றை வேண்டும் என்றால் அது நடக்கக்கூடாது. அது அவளுக்கு வேதம்.

"என் வீட்டு அடியில எலி சாகணும்னாலும் என்னைக் கேக்கணும். குடுய்யா அந்தச் சாக்கை."

"ஏய், அது செத்த குட்டி ஆர்வில்லா. மூச்சு மட்டுந்தான் இன்னும் நிக்கல."

"பொழைச்சா?"

"பொழைச்சா நீயே வெச்சுக்க. செத்த எலிக்கு எவன் சண்டை போடுவான்?"

அவ்வளவுதான். அந்தக் குட்டி செத்தால் ஹோபார்ட் சொன்னது நடந்ததாகிவிடும். ஓடைக்கரை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அதற்குப் பதில் தானே செத்துப்போகலாம் என்று ஆர்வில்லா முடிவு கட்டினாள்.

செருப்பு அட்டைப்பெட்டியில் அந்தச் சாக்கையே மடித்துப் போட்டு, நோஞ்சானை அதில் கிடத்தி, கதகதப்புக்காகத் திறந்துவைத்த அடுப்புக் கதவின்மேல் வைத்தாள். ஆட்டுப்பாலில் முட்டைக்கருவும் சோளப்பாகும் கலந்து, கண்மருந்துக் குழாயால் சொட்டுச் சொட்டாக விட்டாள். வெந்நீரில் நனைத்த துணியால், தாய் நக்குகிற மாதிரி வயிற்றுக்குக் கீழே தடவிவிட்டால்தான் அது மூத்திரம் போனது. "பேஞ்சு தொலை, சனியனே. உன்னைப் பெத்தவளுக்கே நீ வேண்டாம், எனக்கென்ன தலையெழுத்து" என்று திட்டிக்கொண்டே தடவினாள்.

வேலைக்குப் போகும்போது அதை எங்கே விடுவது? ஓரன் வாங்கிக்கொடுத்த பழைய கோட்டு ஒன்று இருந்தது. ரக்கூன் என்கிற மரமேறும் காட்டுப்பிராணியின் தோலில் காலர் வைத்தது. அதன் உள்ளே, மார்போடு சேர்த்துக் குட்டியைச் செருகிக்கொண்டு பேருந்து ஓட்டினாள். காலரின் மயிரைச் சப்பிக்கொண்டே அது தூங்கும். நடுவில் கீச்சென்று கத்தினால் முப்பது பிள்ளைகளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பேருந்தம்மாவின் நெஞ்சு கத்துகிறது என்று கேட்க யாருக்குத் துணிச்சல்?

இதற்கிடையில் டைனாவுக்குச் சோறு போடுகிற சண்டை நடந்தது. ஹோபார்ட் மான்கறியும் ஈரலும் கொண்டுவந்து வைப்பான். "வெறும் கறிய போட்டுக் கொல்லப் பாக்குறான்" என்று ஆர்வில்லா அதை எடுத்துக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, எலும்புச் சாற்றில் சோளரொட்டியைப் பிசைந்து, முட்டையை ஓட்டோடு நொறுக்கிப் போட்டு வைப்பாள். அவள் பேருந்துக்குப் போனதும் ஹோபார்ட் வருவான். "பன்னிக்குப் போடுறத என் நாய்க்குப் போடுறா பாரு" என்று அதையும் கோழிகளுக்கே கொட்டுவான். கோழிகள் வான்கோழி பருமனுக்கு ஊதின. ஒன்று கூரையில் ஏறியபோது கூரை இறங்கிவிட்டது. டைனாவுக்கு மட்டும் விலா எலும்பு தெரிந்தது. எட்டுக் குட்டிகள் அதை உறிஞ்சிக்கொண்டே இருந்தன.

நோஞ்சான் கண் திறந்தது. பெட்டியை விட்டு ஏறி இறங்கி, தட்டில் வைத்த பாலை நக்கிக் குடிக்கக் கற்றுக்கொண்டது. ஆர்வில்லா ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்த ஒரு சனிக்கிழமை, தாய் விழுந்துவிட்டது. கால் நாலும் கட்டையாக விறைத்து, உடம்பு உதற, நாக்கு தொங்க மூச்சு வாங்கியது.

"வெஷம் வெச்சுட்டா! பாவி, வெஷம் வெச்சுட்டா!" என்று ஹோபார்ட் கத்தினான்.

"வெக்கணும்னா உனக்கு வெச்சிருப்பேன்யா, நாய்க்கு எதுக்கு வீணாக்கறேன்!" என்று கத்திக்கொண்டே ஆர்வில்லா டெலிபோனுக்கு ஓடினாள்.

மாட்டு டாக்டர் லோமன் வந்து நரம்பில் ஊசி போட்டு, மெதுவாக மருந்தை ஏற்றினார். உதறல் அடங்கியதும் நிமிர்ந்தார்.

"பால்காய்ச்சல். ஒடம்புல இருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலோட போயிடுச்சு. என்ன போட்டீங்க இதுக்கு?"

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் கோழிகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"ரெண்டு வீட்டு விருந்தாளிக்குச் சோறு இல்லன்னு சொல்லுவாங்க. இங்கதான் கண்ணால பாக்குறேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் இவள இங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கீங்க. கறியும் வேணும், எலும்புச் சாறும் வேணும். ஒரே சட்டியில போடுங்க. நாளைக்கு வரைக்கும் குட்டிங்க பால் குடிக்கக்கூடாது. கையால ஊட்டுங்க."

ஆர்வில்லாவுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஹோபார்ட்டைத் தோற்கடிப்பதாக நினைத்துத் தானும் பாதிக் கொலைக்குப் பங்காளி ஆகியிருக்கிறாள். அந்தக் கோபத்தையும் ஹோபார்ட்டின் மேலேயே காட்டினாள்.

"இப்படியா பிடிப்பாங்க? அது குட்டிய்யா, துப்பாக்கி இல்ல! மூக்குல ஊத்துற பாரு. உன் மூக்குல நான் ஊத்தட்டுமா?"

"என் வெரலு இப்படித்தான். கடவுள் குடுத்தது."

"அவருக்கும் அன்னிக்குக் கை சரியில்ல போல."

எட்டும் குழாயைக் கண்டு முகத்தைத் திருப்பின. தட்டில் பாலை ஊற்றி வைத்தால் அதில் விழுந்து தும்மின. அப்போது அடுக்களையிலிருந்து நோஞ்சான் நடந்து வந்தது. இரண்டு காலையும் தட்டுக்குள் வைத்து, பெரிய மனுஷன் மாதிரி நக்கிக் குடித்தது. பக்கத்தில் இருந்த குட்டி அதன் வாயை முகர்ந்தது, தானும் நக்கியது. பிறகு ஒன்றைப் பார்த்து ஒன்று. கொஞ்ச நேரத்தில் ஒன்பது தலையும் ஒரே தட்டில்.

ஹோபார்ட் நோஞ்சானைப் பார்த்த பார்வை ஆர்வில்லாவுக்குப் பிடிக்கவில்லை.

டைனா தேறியது. மே மாதம் வந்தது. ஆர்வில்லா கோட்டைத் துவைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நோஞ்சான் அலமாரிக் கதவின்கீழ் உட்கார்ந்து ஊளையிட்டது. திட்டியும் போகவில்லை.

குட்டிகளைப் பிரிக்கிற நாளில் ஹோபார்ட் ஒரு ரக்கூன் தோலைக் கயிற்றில் கட்டிப் புல்லில் இழுத்துக்கொண்டு போய், ஓக் மரக்கிளையில் தொங்கவிட்டான். நல்ல வேட்டைநாய் ரக்கூனை மரத்தில் ஏற்றிவிட்டு, ஆள் வரும்வரை அடியில் நின்று குரைக்க வேண்டும். எட்டுக் குட்டிகள் ஓடின, குரைத்தன. சோற்றுச் சட்டி தட்டிய சத்தம் கேட்டதும் திரும்பி ஓடின. நோஞ்சான் மட்டும் மரத்தில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, அண்ணாந்து, நெஞ்சே வெடிக்கிற மாதிரி ஊளையிட்டது. பொழுது சாய்ந்தது. அது நகரவில்லை.

ஹோபார்ட்டின் கண்ணில் தண்ணீர். "நாப்பது வருஷமா நாய் வளக்குறேன். இப்படி ஒண்ணைப் பாத்ததில்ல."

ஆர்வில்லாவுக்குச் சிரிப்பு தொண்டையில் வந்து முட்டியது. அது வேட்டையா ஆடுகிறது? கோட்டைத் தேடி அழுகிறது! அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அது எனக்கு வேணும்" என்றான் ஹோபார்ட். "தாய் என்னுது. முதல்ல எடுக்குற உரிமை என்னுது."

"பொழைச்சா வெச்சுக்கன்னு சொன்னது யாரு?"

"சாட்சி யாரு?"

ஆர்வில்லா உள்ளே போய், அட்டைப்பெட்டியிலிருந்த சாக்கை எடுத்துவந்து அவன்முன் விரித்தாள். பால்கறையும் மூத்திரக்கறையுமாக நாறியது. "இதுதான் சாட்சி. வேணும்னா இதுல போட்டு எடுத்துட்டுப் போ. நீதானே கொண்டுவந்த."

ஹோபார்ட் சாக்கைத் தொடவில்லை. எட்டுக் குட்டிகளோடும் டைனாவோடும் போய்விட்டான்.

மறுநாள் ஒரு முழுப் பன்றித்தொடையோடு வந்தான். புகைவாசம் ஓடைவரை அடித்தது.

"பதினோரு வருஷம் முன்னாடி சிரிச்சது தப்புதான்" என்றான் தரையைப் பார்த்து.

ஆர்வில்லா தொடையை வாங்கிக்கொண்டாள். அழுத்திப் பார்த்தாள், முகர்ந்தாள். "இது பழசுக்கு. நேராச்சு. நாய் வேற கதை." கதவைச் சாத்தினாள். எலும்பை மட்டும் பிறகு டைனாவுக்கு என்று ஓடைக்கு அக்கரையில் வீசினாள்.

நோஞ்சான் வளர்ந்து கன்றுக்குட்டி உயரம் ஆனது. அதன் ஊளைக்கு மூன்று ஊர்ப் பசுக்கள் பால் சுரந்ததாகச் சொல்வார்கள். ஒரு ரக்கூனைக்கூட அது விரட்டியதில்லை. குளிர்காலம் முழுக்கக் கோட்டின்மேல் தூங்கியது. ஒவ்வொரு இலையுதிர் காலமும் ஹோபார்ட் வேலியோரம் வந்து, ஒரே ஒரு தடவை வேட்டைக்கு அனுப்பு என்று கெஞ்சுவான். முடியாது என்பாள்.

அவன் முகம் சுருங்கிப் போனதற்கு அது மட்டும் காரணமில்லை. சாப்பாட்டு வேளையில், அவன் ஜன்னலைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும்போது, ஆர்வில்லா வாசலில் வந்து நின்று ஓடைக்கரை முழுக்கக் கேட்கக் கூப்பிடுவாள். அந்த நாய்க்கு அவள் வைத்த பெயர் அப்படி.

"ஹோபார்ட்! ஏலே ஹோபார்ட்! வெக்கங்கெட்டவனே, குப்பையில வாய வெக்காத! வந்து சோத்தத் தின்னு!"