தட்டு ஏந்தும் பெண்ணுக்கு நாகரத்தினத்தின் முகம்

நஞ்சப்பன் அண்ணன் தேர்ந்தெடுத்த ஓவியத்தில் எல்லாமே அழகாக இருந்தது. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான்.

விக்டோரியா ராணி காலத்து ஆங்கில ஓவியர் ஒருவர், தனக்கு முன்னூறு வருஷம் முந்தைய அரசவையை வரைந்தது. சிம்மாசனத்தில் இளம் ராணி. சுற்றிலும் வெல்வெட் உடையில் பிரபுக்கள், காலடியில் வேட்டை நாய், ஜன்னலில் தேன் நிற வெயில். அந்த மாதிரி அரசவைகளில் தலைகள் வெட்டப்பட்டன, கொள்ளை நோய் வந்தது. கல்லூரியில் படித்த ஒரே ஒரு ஓவிய வரலாற்று வகுப்பிலிருந்து எனக்கு அது தெரியும். ஓவியருக்கு அதெல்லாம் வேண்டாம். நாயின் காதுக்குக்கூட வெளிச்சம் கொடுத்திருந்தார். சிம்மாசனத்துக்குப் பின்னால் தட்டோடு நிற்கும் பணிப்பெண் மட்டும் இருட்டில்.

அமெரிக்காவில், காப்பெல் என்ற ஊரில், அண்ணன் வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவர் மகள் தீக்ஷாவுக்கு ஹாஃப் சாரி ஃபங்ஷன், ஊரில் பூப்பு நீராட்டு என்போமே, அது. ஆன்லைனில் ஒரு ஸ்டூடியோ அந்த ஓவியத்திலுள்ள முகங்களை எடுத்துவிட்டு நம் முகங்களை வைத்துத் தருமாம். தீக்ஷா ராணி. அண்ணனும் அவர் மனைவி தாமரைச்செல்வி அக்காவும் பிரபுக்கள். மாமனார், மாமியார், மச்சினர்கள் என்று ஒவ்வொரு வெல்வெட் சட்டையும் நிரம்பியது.

“உங்கக்காவ எங்க வெக்கறது?” என்றார் தாமரைச்செல்வி அக்கா.

“பின்னாடி ஒரு லேடி நிக்கறா பாரு. ஃபேஸே தெரியல. அங்க ஆட் பண்ணச் சொல்லிரு.”

நாகரத்தினம் அம்மா அப்போது அடுப்படியில் எங்கள் எல்லோருக்கும் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர்தான் நஞ்சப்பன் அண்ணனின் அக்கா. அப்பா இறந்தபோது பள்ளியை விட்டு உடுமலைப்பேட்டை நூல் மில்லுக்குப் போனார். தம்பியின் இன்ஜினியரிங் படிப்பு முழுக்க அந்த மில்லின் பஞ்சுத் தூசியில் நடந்தது. பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பி படிப்பு முடியட்டும் என்றார். முடிந்தபோது யாரும் வரவில்லை. தம்பி கல்யாணத்தில், கொங்கு வழக்கப்படி அக்காவுக்கு உரிய இணைச்சீரில், அவனோடு சேர்ந்து மணவறைக்கு வந்ததைப் பற்றி மட்டும் பெருமையாகப் பேசுவார். “அன்னிக்கு அவன் என்ர சேலைத் தலைப்ப விடவே இல்ல கண்ணு. பயம்!” என்று சிரிப்பார்.

விசிட்டர் விசாவில் வந்ததிலிருந்து சமையல் அவருடையது, தீக்ஷாவின் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். போன மாதம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்கு வந்த ஆன்ட்டி ஒருவர் என்னிடம், “புது குக்கா? நம்பர் கிடைக்குமா?” என்று கேட்டார். அவரைத் திருத்த அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்கு அண்ணன் ஒதுக்கிய இடத்தைக் கேட்டதும் நான் வெடித்தேன். “அண்ணா, அது வேலைக்காரி!”

“எந்தக் காலத்துல இருக்கற நீ? ராயல் கோர்ட்ல எல்லாரும் ராயல்தான்.” பிறகு யோசித்து, சந்தோஷமாகவே சொன்னார். “அதோட, தட்டு பாரு. சீர்த்தட்டு அத்தைதான எடுக்கோணும்? கரெக்ட்டா செட் ஆகுதே!”

இதை அவர் நிஜமாகவே நம்பினார் என்பதுதான் கொடுமை. என் அம்மா பொள்ளாச்சி மண்டபங்களில் பாத்திரம் கழுவியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். அந்த இருட்டைப் பார்த்ததும் என் கண்ணுக்கு என் அம்மாதான் தெரிந்தார். அப்படியானால் நான் யாருக்காகக் கத்தினேன்? நாகரத்தினம் அம்மா என்னைக் கேட்டாரா?

தோசைக் கரண்டியோடு வந்தவர் ஐபேடில் இருந்த ஓவியத்தைக் குனிந்து பார்த்தார்.

“ஏன்டா நஞ்சா, இவளை ஒருத்தராச்சும் பாக்கறாங்களா?”

“அது போஸ் அக்கா.”

“நாயைக்கூட ரெண்டு பேரு பாக்கறாங்க. சீர்த்தட்டு எடுக்கறவளைப் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க, ஊரே திரும்பிப் பாக்கும். இது அந்தத் தட்டு இல்ல. என்னைய எடுத்துரு.”

“ஆர்டர் போயாச்சுக்கா. இதுல என்ன ஈகோ?”

ஈகோவாம். அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளத்தான் அவர் அன்றைக்கு மில்லுக்குப் போனார் போலிருக்கிறது.

ஃபங்ஷன் அன்று ஹால் வாசலில், தங்கச் சட்டத்துக்குள், ஆள் உயரத்துக்கு அந்தப் படம் நின்றது. வந்தவர்கள் ‘வாவ்’ என்றார்கள், செல்ஃபி எடுத்தார்கள். இருட்டுக்குள் கன்னம் பாதி தெரிய நாகரத்தினம் அம்மா தட்டோடு நின்றார். பாட்லக் ஆன்ட்டி விரலால் தொட்டுக் காட்டி, “சோ க்யூட், குக்கையும் சேத்துட்டாங்க” என்றார்.

நாகரத்தினம் அம்மா பக்கத்திலேயே பட்டுச்சேலையில் நின்றிருந்தார். உள்ளே போய் முன் வரிசையில் உட்கார்ந்தார்.

சீர் நேரம் வந்தது. அண்ணன் மைக்கில், “அத்தை சீர்த்தட்டு எடுத்துட்டு வாங்க” என்றார். நாகரத்தினம் அம்மா எழவில்லை. அண்ணன் கண்ணால் ஜாடை காட்டினார். எழவில்லை. மேடையில் தீக்ஷா, “டாட், வாட்ஸ் ஹாப்பனிங்?” என்றாள்.

அண்ணன் இறங்கி வந்து குனிந்தார். “அக்கா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அந்தப் படத்தை எடு. தட்டை எடுக்கறேன்.”

“ஃபங்ஷன் முடியட்டும்…”

“உன் படிப்பு முடியட்டும்னு சொன்னவ நானு. இன்னொருக்கா அந்தப் பேச்சு வேண்டாம். எடு.”

மைக் அண்ணன் கையில் அணையாமல் இருந்தது. ஹால் முழுக்கக் கேட்டது.

அண்ணன் மைக்கை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். சட்டத்தை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துத் தூக்கி, வேட்டி தடுக்க, வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் பக்கவாட்டுக் கதவு வரை சுமந்து போனார். பார்த்தால் தோன்றியதைவிட அது கனம். கதவைத் திறக்க அவருக்குக் கை இல்லை. ஒருவரும் எழுந்து உதவவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் இருந்தது நான்தான். நானும் எழவில்லை.

கடைசியில் முதுகால் கதவைத் தள்ளி வெளியே போனார். திரும்பி வந்து மைக்கை எடுத்து, “என் அக்கா நாகரத்தினம்” என்றார். குரலில் இருந்தது கோபமா, வெட்கமா, தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்குப் போதவில்லை.

நாகரத்தினம் அம்மா எழுந்தார். ஊரே திரும்பிப் பார்த்தது.